ஹியூபேட்டின் வெள்ளைச் சப்பாத்து

கொட்டாஞ்சேனை ஹியூபேட்டுக்கு வயது நாற்பத்தொன்று. கேட்டால் முப்பத்தைந்து என்பார். கப்பல் ஏஜென்சி ஒன்றில் கிளார்க். பிறந்ததிலிருந்து ஒரு பந்தையும் கையால் தொட்டதில்லை. ஆனாலும் தொண்ணூற்றேழில், புறக்கோட்டை ஷரீப்பின் கடையில், கணுக்காலுக்குக் கீழே நிற்கும் வெள்ளைக் கூடைப்பந்துச் சப்பாத்து ஒரு சோடி வாங்கினார். "விளையாடத் தேவல்ல சேர், சும்மா போடுங்க. இப்ப ஸ்டைலே இதான்" என்று ஷரீப் சொன்னது அவருக்கு வேதவாக்காகிவிட்டது.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பானாம். இவருக்கு மாதா கோயில் பூசைக்கும் அதே சப்பாத்து, மீன் வாங்கவும் அதே, செத்த வீட்டுக்கும் அதே. சுவாமியார் பிரசங்கம் வைக்கும்போது குனிந்து கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கோலத்தில்தான் நகரத்தின் மறுகோடியில், வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்கு என் தங்கை யோசெப்பினைப் பெண் பார்க்க வந்தார். எங்கள் மாடியில் காலணியை வாசலில் கழற்றிவிடுவதுதான் வழக்கம். களவு போய்விடுமென்று பயந்து, மனிதர் சப்பாத்தைக் கறுப்புப் பையில் சுற்றி, கீழே படிக்கட்டுக்கு அடியில் தண்ணீர் மோட்டருக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, காலுறையோடு ஏறி வந்திருக்கிறார். குண்டுக்குப் பயந்து, பஸ்ஸில் சீட்டுக்குக் கீழே குனிந்து பார்க்காமல் ஒருவரும் உட்காராத காலம் அது. வெள்ளவத்தையில் ஒரு தமிழன் ஆளில்லாத பார்சல் வைக்கிறான்! தலைக்குள் களிமண் இருந்தால்கூட இப்படிச் செய்யாது.

அவர் தட்டிலிருந்து இரண்டாவது பட்டிஸை எடுத்து வாயில் வைக்கும்போது கீழே யாரோ "பார்சல்! பார்சல்!" என்று கத்தினார்கள். கட்டடமே தெருவுக்கு ஓடியது. பொலிஸ் வந்து கயிறு கட்டியது. பை யாருடையது என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். ஹியூபேட் ஆகாயத்தைப் பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்திருந்த எங்கள் தம்பி சிறிலின் அடையாள அட்டையைப் பார்த்ததும் அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். அப்படி ஏறியவர்கள் எப்போது இறங்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

யோசெப்பின் ஹியூபேட்டின் கால்களைப் பார்த்தாள்.

"உங்கட சப்பாத்து எங்க?"

"அந்தப் பைக்குள்ளதான்..."

"அப்ப சொல்லுங்கோவன்!"

"சொன்னா என்னையெல்லோ ஏத்துவாங்கள். தம்பியைப் பிறகு விட்டிடுவாங்கள் தானே."

அவள் கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே ஓடினாள். பொலிஸ்காரர்கள் கத்தினார்கள், நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, இரண்டு கையிலும் சப்பாத்தைத் தூக்கிப் பிடித்தபடி தெருவில் நின்றாள். இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஹியூபேட்டுக்கு நாலு கெட்ட வார்த்தை கிடைத்தது, சிறிலை இறக்கிவிட்டார்கள்.

ஹியூபேட் சப்பாத்தை வாங்கி, ஊத்தை பட்டிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நடைபாதை ஓரத்தில் குந்தி லேஸைக் கட்டிக்கொண்டே நிமிர்ந்தார்.

"அப்ப, கலியாணத் திகதியை எப்ப கதைப்பம்?"

சிறிலின் கையை யோசெப்பின் இன்னும் விடவில்லை.

"முதல்ல கட்டி முடியுங்கோ. கொட்டாஞ்சேனை வரைக்கும் நடக்க வேணுமெல்லோ."