மாங்கனி நாளில் ஒரு நேர்க்கோடு

நான் ஆராய்வது விசித்திர உலோகம். பெயரைக் கேட்டு எங்கள் தெருவில் சிரிக்காதவர் இல்லை. விஞ்ஞானிகள் கையை விரித்துவிட்டு வைத்த பெயர்தான் அது. காந்தத்துக்கு நடுவே வைத்தால் எந்த உலோகத்திலும் மின்சாரம் கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் ஓடும். சாதாரண உலோகத்தில் அந்தத் தடை மெல்லத் தொடங்கி, வேகமெடுத்து, பல நேரம் ஓரிடத்தில் அடங்கிவிடும். இது அடங்காது. காந்தத்தைக் கூட்டக் கூட்ட, அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் நேராக ஏறும். ஏன் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

மிக உயர்ந்த காந்தத்திலாவது அந்தக் கோடு வளையுமா? என் முனைவர் பட்டம் இந்த ஒரே கேள்வியில் தொங்கியது. அதைப் பார்க்க என்னிடம் மிஞ்சியிருந்தது அந்த உலோகத்தில் மீன் செதில் போன்ற ஒரே ஒரு படிகத் துண்டு. முடியைவிட மெல்லிய கம்பிகளை அதில் நானே ஒட்டியிருந்தேன். வெளியூர் ஆய்வகத்தின் பெரிய காந்தத்தில் அளக்க எங்களுக்குக் கிடைத்த நாளும், எங்கள் ஊர் காரைக்காலில் அம்மையார் திருவிழாவுக்கு மாங்கனி இறைக்கும் நாளும் ஒன்றாக வந்து தொலைந்தன.

எனக்குப் பட்டம் கிடைக்க வேண்டும் என்று, சாமி ஊர்வலம் வரும்போது மாடியிலிருந்து ஒரு கூடை மாம்பழம் மகள் கையாலேயே இறைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள்.

"பட்டம் வாங்கினப்புறம் எறியலாமே" என்றேன்.

"காரியம் ஆவணும்னுதான் வேண்டிக்கிறது. ஆனப்புறம் சாமிய யாரு நெனைக்கிறா?"

அம்மாவிடம் வாதாடி ஜெயித்தவர் எங்கள் வீட்டில் கிடையாது. துண்டை ஆய்வகத் தோழியிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

சாமி தெருமுனைக்கு வந்தபோது அவளிடமிருந்து படம் வந்தது. பாதி தூரம் வரை கோடு நேர். கூடவே கேள்வி: "ஒரு கம்பி ஆடுது. காந்தத்த இறக்கிட்டு சரி பண்ணவா, மேல ஏத்தவா?"

'இறக்கு' என்று அடித்தேன். போகவில்லை. அத்தனை ஜனம், அத்தனை போன், நெட்வொர்க் படுத்துவிட்டது. கூப்பிட்டால் மணியே அடிக்கவில்லை. மாடியில் மூலைக்கு மூலை ஓடினேன்.

"எறிடி, சாமி தாண்டிப் போவுது!"

ஒரு கையில் போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்து, மறு கையால் பழங்களை இறைத்தேன். யார் மேல் விழுகிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

கூட்டம் நகர்ந்த பிறகுதான் மணி அடித்தது.

"எவ்ளோ நேரம் காத்திருந்தேன் தெரியுமா? துண்டக் குளிர வைக்கிற ஹீலியம் தீர்ந்துட்டே வந்துச்சு. ஏத்திட்டேன். காந்த விசை திருகினதுல துண்டு ஒடிஞ்சிடுச்சு." அழுதுகொண்டே சொன்னாள். "ஒடியற வரைக்கும் நேராத்தான்டி போச்சு."

அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் ஏற்றியிருப்பேன்.

"என்னடி ஆச்சு?" என்றாள் அம்மா.

"ஒடிஞ்சிருச்சும்மா."

"எது?"

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தேன். தெருவில் ஒரு பெண் மாடியை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தாள். முந்தானையில் ஒரு மாம்பழம். பழம் பிடித்தவளுக்குப் பிள்ளை பிறக்கும் என்பது ஊர் நம்பிக்கை.

"உங்க கையால கெடச்சுதுங்க" என்றாள். "எத்தன வருசமா வந்து நிக்கிறேன். நீங்க நல்லா இருக்கணும்."

என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அவள் தெரு திரும்பும் வரை முகத்தைச் சிரித்தபடி வைத்திருந்தேன். அன்று என்னால் முடிந்தது அது ஒன்றுதான்.