பாகூர் பஸ்ஸில் வந்த அப்பா

பாகூரில் புதுச்சேரி பஸ் ஏறியபோது எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஒரு மதுக்கடை சேல்ஸ்மேன். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகனின் மணிக்கட்டை அவர் வழியெல்லாம் விடவேயில்லை. பையனுக்குப் பதினாறு வயதிருக்கும். அவனுடைய குடியை நிறுத்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாக அவரே சொன்னார்.

"யூனிபார்ம்ல வர்ற பசங்களுக்கு நான் ஒரு நாளும் குடுத்ததில்ல சார். வெரட்டி வுட்டுருவேன்."

"அப்புறம் இவனுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"நான் வெரட்டுனா பக்கத்துக் கடைக்குப் போவானுங்கன்னு தெரியும். நம்ம கடையில வாங்கல, அது போதும்னு இருந்துட்டேன். இவனும் அங்கதான் வாங்கியிருக்கான்."

ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. பையன் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"எறங்க மாட்டேன்பா."

"டாக்டர்கிட்ட பேசிட்டு வந்துரலாம், வாடா," என்று அவர் கெஞ்சினார்.

நான் எழுந்து வழிவிட்டு, "போ தம்பி" என்றேன். அவன் அழ ஆரம்பித்தான். கண்டக்டர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார்.

பஸ் நகர்ந்ததும் பையனின் அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு டிக்கெட் வாங்கினார். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவர்கள் எங்கே போயிருப்பார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.