கழுகக்காவும் சாய்ந்த கோடுகளும்

கண்ணாடித் தொழிற்சாலையில் பதினாறு வருடமாக அவளுக்கு ஒரே வேலைதான். வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, பெல்ட்டில் வரிசையாக வரும் பாட்டில்களைப் பார்ப்பது. கழுத்தோரம் மயிரிழை விரிசல் ஒன்று மின்னினால் போதும், வாய் கதை பேசிக்கொண்டிருக்கும்போதே கை நீண்டு அந்தப் பாட்டிலைத் தூக்கிவிடும். அதனால் எல்லோருக்கும் அவள் கழுகக்கா. வீட்டுக்காரர் மட்டும், “கழுகுக்குப் பஸ் நம்பர்தான் தெரியாது. போன வாரமும் வேற பஸ்ல ஏறிட்டா” என்பார்.

புதிதாக வந்த மேனேஜர், வந்த சூட்டோடு, கண்ணைக் கூர்மையாக்கும் கணினிப் பயிற்சி ஒன்றை வாங்கிப் போட்டார். திரையில் கோடுகள் பளிச்சிட்டு மறையும். சாய்ந்த கோடு வந்தால் பட்டனைத் தட்ட வேண்டும். தினமும் அரை மணி, ஒரு மாதம். ஸ்டோர்கீப்பர் புகுந்து விளையாடி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு எடுத்தார். கழுகக்கா நாற்பத்தொன்று.

“என்னம்மா, உங்களப் பத்தி என்னென்னமோ சொன்னாங்க?”

“கோட்டுல விரிசல் எதுவும் இல்லையே சார்.”

மேனேஜருக்கு அது எதிர்ப்பேச்சாகப் பட்டது. ஸ்டோர்கீப்பர் பெல்ட்டுக்கு வந்தார். அவள் லேபிள் பிரிவுக்குப் போனாள். முதல் நாளே நாற்பது தலைகீழ் லேபிள்கள் அவள் கண்ணெதிரே ராஜநடை போட்டுப் போயின. அன்று அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ‘இத்தனை வருஷக் கண்ணு எங்கதான் போச்சு?’

அங்கே ஸ்டோர்கீப்பர் விரிசல்களை மரியாதையாக வழியனுப்பிக்கொண்டிருந்தார். மூன்றாம் வாரம் ஒரு லாரி நிறைய பாட்டில்கள் திரும்பி வந்தன. மேனேஜர் அவளை அழைத்தார்.

“தொண்ணூத்தெட்டு வாங்கின ஆளுக்கு எப்படிம்மா தெரியாமப் போகும்?”

“அவருக்குக் கோடு நல்லாத் தெரியும் சார். பாட்டில் வேறங்க.”

பழைய நாற்காலியில் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் பதினொரு விரிசலைப் பிடித்தாள். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. இட வசதிக்காக அடுத்த வாரமே பெல்ட்டை எதிர்ப்பக்கமாக ஓடவிட்டார். “உங்க கண்ணுக்கு எந்தப் பக்கமா இருந்தா என்ன!”

“ஒரு மாசம் டைம் குடுங்க சார்.”

தன்னடக்கம் என்று நினைத்து அவர் சிரித்தார். முதல் நாள் ஏழு விரிசல்கள் அவளைத் தாண்டிப் போயின. அவள் வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளைப் போல ஒவ்வொரு பாட்டிலாகப் பார்த்தாள். நாலாவது வாரம்தான் கை தானாக நீண்டது.

தலைமை அலுவலகத்துக்கு மேனேஜர் அறிக்கை எழுதினார்: கணினிப் பயிற்சியின் பலன் சிலருக்குச் சற்றுத் தாமதமாகவே தெரிகிறது.