மாமாவின் மூன்று ரவுண்டு

என் அக்காள் புருஷனுக்கு நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் முதல் பிள்ளை பிறந்தது. எங்கள் ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அதை யாரும் சும்மா விடவில்லை. "பேரனத் தூக்குற வயசுல பிள்ளையத் தூக்குறாருய்யா" என்று குழாயடியில் சிரித்தார்கள். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். யுத்தத்துக்கு முன்னால் ஊர் ஊராகக் கூடாரம் போடும் கேளிக்கைச் சந்தைகளில் பாக்சிங் போட்டவர் அவர். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கல்யாணப் போட்டோவில் முகத்தை எவ்வளவோ திருப்பி நின்று பார்த்தார். மூக்கு மட்டும் திரும்பவில்லை.

அது ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம். ரப்பரை வாங்க ஆளில்லை. வீட்டைச் சுற்றி மரவள்ளி நட்டிருந்தோம். காலையில் மரவள்ளி, இரவில் மரவள்ளி, நடுவில் மரவள்ளியைப் பற்றிய பேச்சு. பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் அது ஆகாது. கிழங்கு வாய்வு, தாய் தின்றால் பால் வழியாகப் பிள்ளையின் வயிற்றுக்குப் போகும் என்பது எங்கள் பெண்கள் வைத்த சட்டம். பத்தியத்துக்கு அரிசிச் சோறும் மிளகு ரசமும்தான். வீட்டிலோ அரிசிப் பானையைச் சுரண்டும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. அக்காவுக்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை ஓயாமல் அழுதது.

அந்தச் சமயத்தில்தான் கூலிம் டவுன் திடலில் விளையாட்டுப் போட்டி என்று தண்டோரா போட்டார்கள். குத்துச்சண்டையில் ஜெயிப்பவனுக்கு அரை மூட்டை பெண்டாங் வயல் அரிசி. மாமா அன்றே போய்ப் பேரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் நான். யுத்தம் வந்து இங்கிலீஷ் பள்ளியை மூடும்வரை படித்தவன். உடல்நலப் பாடம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதனால் மாமாவை உட்காரவைத்து முறையாக எடுத்துச் சொன்னேன்.

"வயசானா மூச்சு சுருங்கிப் போகும், மாமா. எலும்பும் முன்ன மாதிரி இருக்காது. புத்தகத்துல போட்டிருக்கு."

"அப்டியா மாப்ளே? அரிசி எங்க கிடைக்கும்னு அதுல போட்டிருக்கா?"

உள்ளே இருந்து அக்காள் குரல் கொடுத்தாள். "அவரு மூச்சப் பத்தி எங்கிட்ட கேளு. தூங்குனாருன்னா கூரைத் தகரம் எந்திரிச்சு உக்காருது."

எதிராளி கூலிம் லாரிப் பட்டறையில் வேலை செய்யும் பையன். இருபது வயதுக்கு மேல் இருக்காது. தோள் இரண்டும் லாரிச் சக்கரம் மாதிரி. அவனைப் பார்த்ததுமே நான் மனத்துக்குள் அரிசிக்கு விடை கொடுத்துவிட்டேன்.

போட்டி மூன்று மணிக்கு. இந்த மூன்று மணியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டான். முள் மூன்றில் நிற்கும்போது சூரியன் ஒன்றரையில்தான் நிற்கும். வேலைக்குப் புது நேரம் பார்த்தோம்; வயிற்றுக்கு மட்டும் பழைய நேரம். பட்டறைப் பையனும் அப்படித்தான், சூரியனைப் பார்த்து மத்தியானச் சாப்பாட்டை வயிறு நிறைய முடித்துக்கொண்டு நேரே மேடைக்கு ஏறிவிட்டான்.

கடிகாரம் பார்த்து மணி அடிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். "மச்சினனா மணி அடிக்கிறது?" என்று பட்டறைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். எங்கள் கங்காணி எழுந்து, "அவன் படிச்ச பையன்லா, அவனுக்குத் திருடத் தெரியாது" என்றார். அவர்களும் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். அது எனக்குக் கிடைத்த மரியாதைதானா என்பது இன்னும் தெளிவாகவில்லை.

மாமா கயிற்றுக்குள் நுழைந்ததும் பையன் கேட்டான். "என்ன தாத்தா, கைத்தடி எங்க?"

"அவசரத்துல மறந்துட்டேன் தம்பி. நீ பால்புட்டி கொண்டாந்தியா?"

திடல் சிரித்தது. நான் மணி அடித்தேன்.

பையன் பாய்ந்து பாய்ந்து குத்தினான். அவன் மாமாவைச் சுற்றி ஓடினான். மாமா நின்ற இடத்திலேயே திரும்பிக்கொண்டிருந்தார். தோளை லேசாக அசைப்பார், அவன் காற்றைக் குத்துவான். எல்லாமே காற்றில் போகவில்லை. விலாவில் இரண்டு, தாடையில் ஒன்று, நன்றாகவே விழுந்தது. விழுந்ததும் மாமா அவனைக் கட்டிப்பிடித்துத் தன் முழுப் பாரத்தையும் அவன்மேல் சாய்த்துவிட்டார். என் பக்கத்துக் கயிற்றில்தான்.

"என்ன சாப்ட்ட தம்பி?"

"கெழங்கு, கருவாடு. எதுக்கு?" மூச்சு வாங்கிக்கொண்டே பையன் பதில் சொன்னான்.

"சும்மாதான். வாசம் வந்துச்சு."

நடுவர் இருவரையும் பிரித்துவிட்டார்.

இரண்டாம் ரவுண்டில் மாமாவின் தாடை வீங்கிவிட்டது. கயிற்றில் தொங்கியபடி என்னைப் பார்த்தார். "மாப்ளே, அந்த முள்ளு செத்துப் போச்சா?"

"இன்னும் அரை நிமிஷம் இருக்கு, மாமா."

"நல்லா வருவடா நீ."

சுத்தியலை ஓங்கிக்கொண்டு முள்ளையே பார்த்தேன். காலையில் புறப்படும்போது கேட்ட பிள்ளையின் அழுகை காதைவிட்டுப் போகவில்லை. முள் நகர்ந்த பிறகுதான் அடித்தேன்.

மூன்றாவதில் பையனின் கைகள் இறங்கத் தொடங்கின. உச்சி வெயில் வேறு. மாமா அவன் வயிற்றில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டுத் தட்டினார். பெரிய குத்தெல்லாம் இல்லை. பையன் கண்ணை விரித்தான், வாயைப் பொத்தினான், கயிற்றுக்கு ஓடிப்போய்க் கிழங்கு, கருவாடு அத்தனையையும் திடலுக்குத் திருப்பிக் கொடுத்தான். கங்காணிக்குச் செருப்பு போயிற்று. நடுவர் மாமாவின் கையைத் தூக்கினார். தூக்கிய கையை இறக்கவும் அவரே உதவவேண்டியிருந்தது.

மூட்டையைச் சைக்கிளில் ஏற்ற அந்தப் பையனே ஓடி வந்தான். "பாத்துப் பிடிங்கண்ணே" என்றான். ஒரே மத்தியானத்தில் தாத்தா அண்ணன் ஆகிவிட்டார்.

வழியெல்லாம் நான் விடாமல் கேட்டேன். "நேரத்தக் கணக்குப் பண்ணித்தானே மாமா சாப்பிடாம வந்தீங்க? அது ஒரு தந்திரம்தானே?"

"தந்திரமா? பயம் மாப்ளே. காலையிலருந்து தொண்டையில ஒண்ணும் எறங்கல. அந்தத் தம்பிக்குப் பயமில்ல, நல்லாச் சாப்ட்டான்." கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிவிட்டு மறுபடி சொன்னார். "நானும் அந்த வயசுல ரெண்டு தட்டு சாப்ட்டுட்டுத்தான் ஏறுவேன்."

வயதான குத்துச்சண்டைக்காரர்கள் இளைஞர்களுக்கு எப்படி ஈடுகொடுக்கிறார்கள் என்று அதற்குப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். ஓடாமல் நிற்பதால் மூச்சு மிச்சமாகிறது, அடுத்தவன் வீணாகக் குத்திக் களைக்கிறான், எங்கே சாயலாம் என்று தெரிந்திருக்கிறது. எல்லாம் சரிதான். ஆனால் தோற்றால் என்ன ஆகும் என்பது மாமாவுக்குக் காலையிலேயே வயிற்றில் தெரிந்திருந்தது. இதை மட்டும் என் உடல்நலப் பாடத்தில் எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அக்காள் சோறு வடித்தாள். லயம் முழுக்க அந்த வாசத்துக்கு வாசலில் வந்து நின்றது. அக்காள் மிளகு ரசம் ஊற்றிப் பிசைந்து, முதல் வாயை மாமாவுக்கு நீட்டினாள். அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. தாடை பப்பாளி மாதிரி இருந்தது.

"சரியாப் போச்சு. வீட்டுல பல்லு உதவாத பிள்ள இப்ப ரெண்டு" என்றாள் அக்காள். வடித்த கஞ்சியை உப்புப் போட்டு ஆற்றி, கோப்பையில் அவருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தான் சாப்பிட உட்கார்ந்தாள்.

அந்த வாரத்திலேயே பிள்ளையின் அழுகை குறைந்தது. மாமாவின் முனகல்தான் கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு குழாயடியில் யாரும் பேரன் பேச்சை எடுக்கவில்லை.