பட்டுக்கடை டி.வி.யில் ஓடிய கோடு

பட்டுக்கடை பில் கவுண்டரில் விலை சொல்வதைவிடக் கஷ்டமான வேலை, வந்தவரின் போன் நம்பர், பிறந்தநாள், கல்யாண நாள் எல்லாம் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. ஆரணியில் அந்தப் பாவத்தைச் செய்கிறவன் நான், அனுபவிக்கிறவர்கள் நீங்கள்.

பந்தி எத்தனை?

சந்தவாசலிலிருந்து ஒருவர் முகூர்த்தப் புடவை விலை விசாரிக்க வந்தார். கல்யாணம் உத்தேசமாகத் தை மாதம் என்றார், ஏற்றிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேருவதற்குள் மண்டபம், மேளம், பியூட்டி பார்லர் என்று அவர் போன் ஓயவில்லை. மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"ஏங்க, மாப்ள வீட்ல இன்னும் சரின்னே சொல்லல. சமையல்காரரு போன் பண்ணி எத்தினி பந்தின்னு கேட்டுகினு கீறாரு!"

நடந்தால் புடவை

முதலாளி தலையில் ஒரு கம்பெனி, நடையை அளக்கும் போன் ஆப் ஒன்றைக் கட்டிவிட்டது. அதிகம் நடக்கும் குடும்பத்துக்குப் பட்டுப்புடவை பரிசு. முள்ளிப்பட்டு ஸ்டெல்லா எங்கள் கடைக்கு நெய்கிறவர். நாளெல்லாம் தறியில் உட்கார்ந்திருப்பவர் எங்கே நடப்பது? லீவில் வந்த ராணுவக்காரக் கணவரின் போனில் ஆப்பைப் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மனுஷன் தினமும் முதலிடம். பூரித்துப்போன முதலாளி, அவர் நடக்கும் பாதையைக் கடை டி.வி.யில் ஓடவிட்டார். ஊரே இல்லாத ஏதோ ஒரு மலையில் ஒரு கோடு போவதும் வருவதுமாக இருக்கும். புடவை பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். நானும்தான்.

தேசூரிலிருந்து வந்த ரிட்டயர்டு சுபேதார் ஒருவர் மட்டும் டி.வி.யைப் பார்த்ததும் கத்தினார்.

"அது நடையில்லீங்க, பார்டர்ல காவல் காக்கிற பாரா டூட்டி! எப்ப வரான், எப்ப முதுகு காட்டுறான்னு எதிரிக்குப் படம் போட்டுக் காட்டிகினு கீறீங்க. ஜல்தி நிறுத்துங்க!"

பெண்டாட்டிக்கே தெரியாத இடம்

டி.வி.யை நிறுத்தி ஸ்டெல்லாவுக்குச் சொன்னேன். தறியைப் போட்டது போட்டபடி ஓடிவந்தார். கணவருக்குப் போன் போட்டார், மணி அடித்தது, அவர் எடுக்கவில்லை. சாயங்காலம் அவரே கூப்பிட்டு ஆப்பை எடுத்துவிடும்வரை எங்கள் இருவருக்கும் உயிரே இல்லை. அப்புறம்தான் ஸ்டெல்லா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க கீறன்னு கேட்டா நல்லா கீறேன்னு மட்டும்தாங்க சொல்லுவாரு. பொண்டாட்டி எனக்கே தெரியாத எடத்தப் பாத்து நீங்கல்லாம் கைதட்டிகினு இருந்தீங்களா?"

அழிப்பதற்கும் ஒரு விவரம்

கம்பெனியிடம் இருக்கும் பழைய பாதைகளையும் அழிக்கவேண்டுமே! ஸ்டெல்லாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள்.

"கண்டிப்பா அழிச்சிடலாம் சார். வெரிஃபிகேஷனுக்கு, அவர் இப்போ இருக்கிற இடத்தோட முழு அட்ரஸ் மட்டும் சொல்லுங்க."

விற்ற புடவையைக்கூடச் சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. கொடுத்த விவரத்தைத் திரும்ப வாங்கிப்போன வாடிக்கையாளரை மட்டும் இந்தக் கவுண்டரில் நான் பார்த்ததே இல்லை.