சீல் விழாத சீட்டு

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் கேட் செக்கராக இருந்தேன். காலிப் பெட்டி ஏற்றிய டிரைவர், அதன் நிலையைத் தன் கையாலேயே சீட்டில் எழுத வேண்டும். "கதவுல நசுங்கல்" என்று எழுதியிருந்தால், நான் போய்ப் பார்த்து, சரியென்றால் சீல் போடுவேன்.

புது மேனேஜர் வந்ததும் விதிப்புத்தகம் போட்டார். எழுதியது உண்மையென்றால் சீல் விழ வேண்டும். பொய்யென்றால் விழக்கூடாது. எது தவறினாலும் செக்கர் சஸ்பெண்ட். "இனிமே இங்க யாரும் யோசிக்க வேண்டியதில்லை" என்றார். எங்களில் பலர் ஏற்கெனவே அப்படித்தான் இருந்தோம்.

ஒருநாள் புளியந்தோப்பு டிரைவர் டில்லி, காலையிலிருந்து லைனில் நின்ற கடுப்பில் ஒரே வரி எழுதி நீட்டினார்: "இந்தச் சீட்டுல சீல் விழாது."

சீலைத் தூக்கியவன் நின்றுவிட்டேன். போட்டால் அவர் எழுதியது பொய்யாகிவிடும். பொய்க்குச் சீல் போட்ட குற்றம். போடாவிட்டால் அது உண்மை. உண்மைக்குச் சீல் மறுத்த குற்றம். எப்படியும் சஸ்பெண்ட்.

"இன்னா நைனா, சீலை வெச்சிக்கினு நிக்கிற?"

"உன்னால என் வேலை போவப் போவுதுய்யா."

"நான் இன்னா பண்ணேன்? உண்மையத்தான எழுதிகீறேன்."

மேனேஜர் வந்து சீட்டை வாங்கிப் படித்தார். "புது விதி. இந்த மாதிரி சீட்டுக்கு மட்டும் நீல சீல்" என்றார். டில்லி இன்னொரு சீட்டை வாங்கி எழுதினார்: "இதுல எந்தக் கலர் சீலும் விழாது." மேனேஜர் டீ சொல்லி அனுப்பினார்.

பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. டில்லி எழுதியது உண்மை என்று எனக்குத் தெரிந்தது, புத்தகத்துக்குத்தான் தெரியவில்லை. சீல் போடாமலே கேட்டைத் திறந்துவிட்டேன்.

கல்லூரியில் கணக்கு நடத்தும் என் மகள் இதைக் கேட்டுச் சிரித்தாள். "தர்க்கத்துல இது பெரிய தேற்றம்பா. எண்களை வெச்சே இந்தச் சீட்டை எழுதிக் காட்டிட்டாங்க. பொய்க்குச் சீல் போடாத எந்த விதிப்புத்தகத்துலயும், அது கணக்குப் பேசுற அளவுக்குப் பெரிசா இருந்தா, ஒரு உண்மையாவது சீல் இல்லாம நிக்கும். புது விதி சேர்த்தா, புதுசா ஒண்ணு நிக்கும்."

மறுநாள் உத்தரவு வந்தது: மூன்று நாள் சஸ்பெண்ட். இத்தனை வருஷ சர்வீஸில் முதல் தடவை. கீழே 'ஊழியர் குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் குறிப்பையும் மேனேஜர் சரிபார்த்துச் சீல் போட்ட பிறகே உத்தரவு அமலுக்கு வரும் என்பது அதே புத்தகத்தின் விதி.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கையெழுத்துப் போடுமுன் விதிப்புத்தகத்தை முழுசாகப் படியுங்கள். நான் படித்திருந்தேன். கட்டத்தில் எழுதினேன்: "இந்தக் குறிப்புக்குச் சீல் விழாது."

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்டேன். சீல் இன்னும் விழவில்லை.