பம்புக்கு ஏது பாசம்?

"முப்பது வருஷத்துல லட்சம் நெஞ்சு பார்த்திருக்கேன். கவலைன்னு ஒரு கோடு ஒருத்தருக்கும் வந்ததில்ல. இதயம்னா பம்பு. பம்புக்கு ஏதுய்யா பாசம்?"

இந்த மகாவாக்கியத்தை அருளியவர் எங்கள் ஆஸ்பத்திரியின் ஈசிஜி அறைக்காரர். அருளிய அதே வாரம் நர்ஸுகள் அவருக்கு 'பம்பு' என்று பட்டம் சூட்டிவிட்டார்கள். அவர் கோபிக்கவில்லை. கோபமும் பம்புக்கு ஆகாத சரக்கு.

கட்டிலையும் நாற்காலியையும் போட்டால் கதவு பாதிதான் திறக்கும், அப்படியொரு அறை. வருகிறவர் நெஞ்சில் ஆறு ஒயர், கைகால்களில் நாலு கிளிப். பிறகு ஒரே கட்டளை: "பேசாதீங்க. பேசினா கோடு ஆடும்." அழுகிறவர்களுக்கும் அதே சட்டம்தான். ஆடிய கோட்டைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, அடங்கிய பிறகு மறுபடி எடுப்பார். அவர் டாக்டரிடம் நீட்டும் தாளில் பிசிறு என்பதே இராது.

அவருக்கு ஒரு தம்பி. அம்மா காலமானபின் அவளுடைய பீரோ யாருக்கு என்பதில் பேச்சு நின்று எட்டு வருஷம். பீரோ அண்ணன் வீட்டுக்கு வந்தது, சாவி தம்பியிடம் தங்கியது. இருவருமே ஜெயித்துவிட்டதால், பீரோ திறக்கப்படாமலே கம்பீரமாக நின்றது.

மனைவியைப் பறிகொடுத்த ஆறாம் மாதம், நெஞ்சு கனக்கிறதென்று தம்பி அந்த அறைக்கு வந்தான்.

"அண்ணே..."

"பேசாத. கையில என்ன, சாவியா? கீழ வை."

தம்பி பேசப் பார்த்தான். கோடு ஆடியது. கிழித்துப் போட்டு மறுபடி எடுத்தார். பழுதில்லை. தம்பி சாவியை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த மாதமும் வந்தான். அதே வலி, அதே சாவி, அதே சட்டம்.

மூன்றாம் முறை டாக்டரே அறைக்கு வந்துவிட்டார். "இதுல ஒண்ணும் தெரியல. இன்னும் சில டெஸ்ட் எடுத்துடலாம். ஆனா துக்கத்தை உள்ளயே வச்சிருந்தா அதுவும் இதயத்தைக் கெடுக்கும். தூங்கறீங்களா? வீட்ல துணைக்கு யாரு?"

"அண்ணன் இருக்கார் டாக்டர்," என்றான் தம்பி.

அண்ணன் குனிந்து ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். "கோடு சுத்தமா இருக்கு டாக்டர்," என்றார்.

டெஸ்டுக்குக் குறித்த தேதிக்கு இரண்டு நாள் முன்னால், தம்பியை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். பம்பின் இயந்திரத்துக்கு அன்று வேலை இருக்கவில்லை. சட்டை, கைக்கடிகாரம், பீரோ சாவி மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு அண்ணனிடம் கொடுத்தார்கள்.

வீட்டில் பீரோ இருக்கிறது, கையில் சாவியும் இருக்கிறது. இனி அதைத் திறக்க ஒரு தடையுமில்லை. அவர் இன்றுவரை திறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவருக்கே நெஞ்சு இறுகியது. அவரிடம் வேலை பழகிய பெண்தான் ஒயர் மாட்டினாள்.

"கையில இருக்கறதைக் கீழ வைங்கண்ணே."

"இருக்கட்டும்."

"பேசாதீங்க, கோடு ஆடும்."

"மூணு தடவை பேச வந்தான்மா தம்பி. மூணு தடவையும் இதையேதான் சொன்னேன்."

தாள் முழுக்கக் கிறுக்கல். அவர் சொல்லிக்கொடுத்தபடியே அவள் அதைக் கிழிக்கப் போனாள். சாவி இருந்த கையால் அவள் மணிக்கட்டைத் தடுத்தார்.

"கிழிக்காத. டாக்டர்கிட்ட இதையும் காட்டு."